பட்டாளத்துக்காரர் ஊர் திரும்பும்போது

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்திருப்பார் என்பார்கள். எங்கள் கொங்குப் பக்கம் அப்படியில்லை. காடு தோட்டம் இருந்தால் பண்ணையம் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தறி போடுவார்கள், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி ஏறி வடக்கே போவார்கள். மாசச் சம்பளத்துக்குப் போவதையே ஒரு படி கீழாகப் பார்க்கிற ஊர் இது. 1988-இல் நான் பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டேன் என்று சொன்னதும் எங்கள் அப்புச்சி கேட்டார்: "ஏஞ்சாமி, ஊட்டுல சோத்துக்கு இல்லீன்னா போறே?"

சோறு இருந்தது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம், அதற்கு அண்ணன் தம்பி மூன்று பேர். பாகம் பிரித்தால் ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். கோயமுத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓடினேன், பீமில் தொங்கினேன், பள்ளம் தாண்டினேன், எடுத்துக்கொண்டார்கள்.

ஹவில்தாராக 2012-இல் ஊர் திரும்பினேன். வயது 42. இந்த நாற்பத்திரண்டு வயதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஊரில் என் வயதுக்காரர்கள் அப்போதுதான் தொழிலில் காலூன்றி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான் 'ரிட்டயர்டு'. சர்வீஸ் முடிய இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருக்கிற நம்ம பக்கத்து ஆட்களும், முக்கியமாக அவர்கள் வீட்டுக்காரம்மாக்களும் இதைப் படித்தால் நல்லது. சண்டைக் கதை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

நான் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பொறியியல் பிரிவு. 1780-இல் தொடங்கிய பழைய படை. மையம் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம். ராணுவம் முழுக்க எங்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடும். மலையாளி, தெலுங்கர், கன்னடர் யாராக இருந்தாலும் மெட்ராஸ் சாப்பர் என்றால் தம்பிதான். எங்கள் வேலை பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்த கண்ணியை எடுப்பது. துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கோத்துப் போடுகிற பெய்லி பாலத்தின் ஒரு பேனல் சுமார் 260 கிலோ. ஆறு பேர் தடி கொடுத்துத் தூக்க வேண்டும். ஒருத்தன் தோள் தளர்ந்தால் மற்ற ஐந்து பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். பயிற்சியில் பாதி இதிலேயே போனது.

பிறகு நாகாலாந்து, ஜம்மு, நடுவில் சில அமைதியான ஊர்கள். லீவு கிடைத்தால் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். கருப்பு ட்ரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பெயரும் எழுதி, மூன்று ராத்திரிக்கு மேல் உட்கார்ந்து வந்து ஈரோட்டில் இறங்கினால், பிளாட்பாரத்தில் தமிழில் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருப்பதே காதுக்கு இதமாக இருக்கும்.

என் சர்வீஸில் என்னை மாற்றிய காலம் ஒன்று உண்டென்றால் அது பராக்கிரம் நடவடிக்கைதான். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். அந்த மாதமே படை மொத்தமும் மேற்கு எல்லைக்கு நகர்ந்தது. நாங்கள் பஞ்சாப் எல்லையில் கண்ணி புதைத்தோம். தரிசு நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்ற வயல்கள். மூடுபனியில் பக்கத்து ஆள் தெரியாது. வாய்க்கால் பாசனத்தில் பிறந்தவன் நான். விளைகிற நிலத்தில் மண்வெட்டி போட்டு அதில் கண்ணியை வைத்து மூடுவது என்னவோ செய்தது. செய்தோம்.

கண்ணி புதைப்பதில் பாதி வேலை எழுத்து வேலை. எந்த இடத்திலிருந்து எத்தனை அடி, எத்தனை வரிசை, ஒரு வரிசையில் எத்தனை, என்ன வகை என்று வரைபடத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஒரு மரம், ஒரு கிணற்று மேடு, ஒரு மைல்கல் இப்படி நகராத எதையாவது அடையாளமாக வைத்துத்தான் எல்லா அளவும்.

போர் வரவில்லை. 2002 அக்டோபரில் படைகளைத் திருப்பி அழைக்க முடிவானது. புதைத்ததை எடுக்க வேண்டியவர்களும் நாங்கள்தான். அப்போதுதான் காகிதத்தின் அருமை தெரிந்தது. நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. தண்ணீர் பாய்ந்து சில கண்ணிகள் நகர்ந்திருந்தன, எலி வளை தோண்டிச் சில சாய்ந்திருந்தன, மாடு மிதித்துச் சில வெடித்திருந்தன. ஆள் மிதிக்கிற சின்னக் கண்ணி பெரும்பாலும் பிளாஸ்டிக். உள்ளே இரும்பு கடுகளவுதான் இருக்கும். டிடெக்டர் சில சமயம் கத்தும், சில சமயம் கத்தாது. கடைசியில் நம்பிக்கை கம்பியில்தான். குப்புறப் படுத்து, பிராடர் கம்பியைச் சாய்வாக, 30 டிகிரி அளவில் மண்ணுக்குள் மெல்லச் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் குத்துவதாகிவிடும். சாய்வாகப் போனால் அதன் விலாவில் முட்டும். முட்டியதும் நிறுத்தி, சுற்றிலும் விரலால் மண்ணைத் துடைக்க வேண்டும். விரல் நுனி அளவு முன்னேற்றம், அப்புறம் மறுபடி கம்பி. பார்த்து முடித்த இடத்தைக் குறிக்கிற வெள்ளை நாடாவுக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் சந்தேகம்.

சாயங்காலம் கணக்குப் பார்ப்போம். பதிவேட்டில் இந்த வரிசைக்கு இத்தனை. எடுத்தது இத்தனை, வெடித்த குழி இத்தனை. கூட்டினால் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வரிசை முடிந்ததாக எழுத மாட்டோம். எங்கள் கம்பெனியில் ஒரு தெலுங்குப் பையனுக்கு, முடிந்துவிட்டது என்று நினைத்த வரிசையில்தான் பாதத்தின் முன்பாதி போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சர்தார் தினமும் வந்து நிற்பார். வயலுக்குச் சொந்தக்காரர். நஷ்டஈடு கிடைத்தாலும் நிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்வார். பெரிய பித்தளைச் சொம்பில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஃபௌஜி பாய், இன்னும் எத்தனை?" என்று கேட்பார். எண்ணைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. "கம்மிதான்" என்று சொல்வேன். நிலத்தை ஒப்படைத்த நாளில் நாங்கள் எல்லோரும் தோளோடு தோள் நின்று அந்த வயலின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்து காட்டினோம். அப்படி நடக்கும்போது மனதில் கடவுள் இல்லை, பதிவேட்டின் கூட்டல் தொகைதான் இருந்தது.

பெங்களூரில் ஒவ்வொரு ரெக்ரூட்டுக்கும் சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்லித் தருவார்கள். எங்கள் படையைச் சேர்ந்த தமிழர். 1944-இல் இத்தாலியில், வெடிக்கப்போகிற கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அந்தக் கதையை வீரக் கதையாகத்தான் அதுவரை கேட்டிருந்தேன். கண்ணி எடுத்த பிறகு வேறு மாதிரி கேட்டது. கண்ணி விஷயத்தில் யோசிக்க நேரமே கிடையாது, யோசிக்க வேண்டியதை எல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி வருஷத்தில் ஆட்கள் பெட்டி கட்டுவதைப் பற்றி யோசிப்பார்கள், வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிப்பார்கள். நான் எங்கள் கிளார்க்கை நச்சரித்து என் சர்வீஸ் ரெக்கார்டை வரி வரியாகப் பார்த்தேன். திருமணம் பார்ட் டூ ஆர்டரில், அதாவது நம் சொந்த விவரங்களை யூனிட் பதிவு செய்கிற உத்தரவில், வந்திருக்கிறதா? பிள்ளைகள் பிறந்தது வந்திருக்கிறதா? மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவள் ஆதாரில் இருப்பது போலவே, எழுத்துக்கு எழுத்து, இருக்கிறதா? வடக்கத்தி கிளார்க்குக்கு நம் பெயர்கள் பிடிபடாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போடுவார், பின்னால் போடுவார், 'சாமி'யைத் தனியாகப் பிரிப்பார். பழனிச்சாமி என்கிற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யூனிட்டில் இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து. வெளியே வந்த பிறகு அதுவே வருஷக்கணக்கு.

இன்னொன்று, ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது வெளியே வருமுன் நடக்கிற கடைசி மருத்துவப் பரிசோதனை. சர்வீஸ் முழுக்க நாம் உடம்பில் இருப்பதை மறைத்துப் பழகியவர்கள். மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் புரொமோஷன் போகும், கோர்ஸ் போகும். அதனால் டாக்டர் கேட்டால் "ஃபிட் சார்" என்று வாய் தானாகச் சொல்லும். என்னோடு இருந்த ஒரு பாலக்காட்டுக்காரர் வெடி வைத்துத் தகர்க்கிற வேலையிலேயே காலம் கழித்தவர். காதில் எந்நேரமும் வண்டு இரைகிறது என்று எங்களிடம் சொல்வார், போர்டில் சொல்லவில்லை. சர்வீஸால் வந்த குறைபாடு 20 சதவீதமாவது இருக்கிறது என்று போர்டு எழுதினால் அதற்குத் தனியாகப் பென்ஷன் உண்டு. எழுதாமல் வெளியே வந்துவிட்டால் அப்புறம் மேல்முறையீடு, தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். கடைசிப் போர்டில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. முட்டி வலி, காது, பிரஷர் எல்லாவற்றையும் சொல்லுங்கள், சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பணம். வெளியே வரும்போது கிராஜுவிட்டி, பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ், லீவுக்குப் பதிலான பணம், பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்த, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட, தொகை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வரும். பென்ஷனில் பாதி வரை கம்யூட் செய்யலாம், 15 வருஷம் கழித்து முழுப் பென்ஷன் திரும்பும். எனக்கு 2027-இல். அந்தப் பதினைந்து வருஷமும் கையில் வருவது குறைந்த பென்ஷன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம்ம ஊரில் இந்தப் பணத்துக்கு மோப்பம் அதிகம். வந்த வாரமே ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வரத் தொடங்கிவிட்டது. "வாங்க மாப்ள, நல்லா இருக்கீங்களா"வுக்கு அடுத்த வரி "எவ்வளவுங்க வந்துச்சு?" ஒருவர் ரிக் வண்டியில் பங்கு கேட்டார். ஒருவர் தறிக்குடோன் போடலாம் என்றார். ஒருவர் பைனான்ஸில் போட்டால் நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கித் தருகிறேன் என்றார். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. இங்கே பணம் சும்மா கிடந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி உச்சத்தில் இருந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம் அவர்களுடையது, வளர்ப்புக் கூலி மாசம் ஆறாயிரம், போனஸ் வேறு என்று ஒரு ஏஜென்ட் வந்து திண்ணையில் உட்கார்ந்து அட்டை அட்டையாகக் காட்டினார். அவரும் தூரத்துப் பங்காளிதான். என் வீட்டுக்காரி காபி கொடுத்துவிட்டுக் கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் சொன்னாள்: "ஏனுங்க, ஒன்னரை லட்சத்துக்கு வருசம் எழுபத்திரண்டாயிரம். எங்கப்பன் வட்டிக்கு விடுறவரு, அவரே இத்தனை வாங்குனதில்லை. அந்தக் கோழிய யாரு திங்கறாங்க, அதச் சொன்னாரா?" சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. ஆயிரக்கணக்கானவர்களின் பணம் போனது, ஊர் ஊராக ஈமுக்கள் தீவனம் இல்லாமல் நின்றன. பக்கத்து ஊரில் ஒரு முன்னாள் சுபேதார் கம்யூட்டேஷன் பணம் மொத்தத்தையும் அதில் வைத்திருந்தார். வெடிகுண்டைக் கையில் பிடித்தவருக்கு இந்தக் கோழி பிடிபடவில்லை.

நான் செய்தது பெரிய சாமர்த்தியம் இல்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு ரூபாயும் எடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்து வங்கியில் வைப்பாகப் போட்டோம். கேட்டவர்களிடம் "டெல்லியில இருந்து இன்னும் வரலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் தாமதமாகத்தான் கொடுக்கும் என்பதை எல்லோரும் நம்புவார்கள். வருஷம் முடிவதற்குள் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் இல்லாத காலமெல்லாம் அவள்தான் எருமை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வாய்க்கால் தண்ணீர் முறைக்கு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போய், பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். நான் வந்து இறங்கியதும் காலை ஐந்துக்கு எல்லோரும் எழ வேண்டும், செருப்பு வரிசையாக இருக்க வேண்டும், மாட்டுக்கொட்டகையில் கயிறு இன்ன இடத்தில் தொங்க வேண்டும் என்று தொடங்கினேன். ஒரு வாரம் பார்த்தாள். "ஏனுங்க, இது உங்க கம்பெனி இல்லீங்க, ஊடு. லீவுக்கு வந்தீங்கன்னா ரெண்டு மாசம் பொறுத்துக்கலாம். இனி நீங்க போகப்போறதில்லை" என்றாள். தோட்டத்து ஆட்களும் அப்படித்தான். மஞ்சள் வெட்ட வருகிறவர்களிடம் உத்தரவு போட்டால் மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் நிற்பார்கள். "சித்த அந்தப் பக்கமும் பாத்துருங்கம்மா" என்றால்தான் வேலை நடக்கும். எனக்கு இது வர நாளாயிற்று. வருகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: முதல் ஆறு மாசம் வீட்டில் எதையும் மாற்றாதீர்கள். எது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

வேலைக்குப் போவதா என்ற கேள்விக்கு என் பதில், போங்கள் என்பதுதான். பணத்துக்காக மட்டும் இல்லை. 42 வயதில் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் வேண்டும். கொஞ்ச நாள் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சம்பளத்தில் பாதி ஏஜென்சிக்கு. அதில் நிலைக்காதீர்கள். பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் நிலையில் 14.5 சதவீதமும் கடைநிலையில் 24.5 சதவீதமும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாவது படித்து 15 வருஷம் சர்வீஸ் போட்டவர்களுக்கு, குரூப் சி பதவிகளில் பட்டம் கேட்கிற இடத்தில் அதற்கு ஈடாக ராணுவமே சான்று கொடுக்கும், அதை வெளியே வருமுன் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்தால்தான் இந்த வாய்ப்புகள் காதுக்கே வரும். எனக்கு ஒரு வங்கியில் ஆயுதக் காவலர் வேலை கிடைத்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கண்ணி எடுத்தவனுக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ராணுவப் பென்ஷன் தனி, இந்தச் சம்பளம் தனி. ஒன்றை வைத்து இன்னொன்றைக் குறைக்க மாட்டார்கள்.

நல அலுவலகத்துக்குப் போய் வந்த பழக்கத்தில்தான் ஊர்க்காரர்கள் காகிதத்தோடு என்னிடம் வரத் தொடங்கினார்கள். அதில் ஒரு அம்மா. பெயரை மாற்றி ராமாத்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்து எண்பதுகளில் பென்ஷனில் வந்தவர். இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. இறந்ததும் வங்கியில் பென்ஷன் நின்றது. அந்த அம்மா, ஆள் போனால் பென்ஷனும் போய்விடும் என்று நினைத்துக் கொப்பரை உடைக்கிற களத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குடும்பப் பென்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் தெரிந்து, மறுநாள் மஞ்சப் பையோடு வந்தார். பைக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓரமெல்லாம் கரையான் தின்றது. அரிசி மொடாவுக்குள் வைத்திருந்தாராம்.

பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் உத்தரவின் நம்பர் புத்தகத்தில் படிக்க முடியவில்லை. பழைய வங்கிப் பாஸ்புக்கின் உள் அட்டையில் யாரோ பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைத்திருந்தார்கள், அந்த மகராசன் யாரோ. அடுத்த சிக்கல் பெயர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி ராமாயி. ரேஷன் கார்டில் ராமாயம்மாள். ஆதாரில் ராமாத்தாள். நம்ம பக்கத்தில் இதெல்லாம் ஒரே ஆள். ஊரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். பென்ஷன் கணக்குப் பார்க்கிற பிரயாக்ராஜ் அலுவலகத்துக்கு இவர்கள் மூன்று பெண்கள்.

அப்போது எனக்குப் பஞ்சாப் வயல்தான் ஞாபகம் வந்தது. நகராத அடையாளம் ஒன்று வேண்டும், அதிலிருந்து அளக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அது வீட்டுக்காரருடைய சர்வீஸ் நம்பர். எல்லாக் காகிதத்திலும் முதல் வரியில் அதை எழுதினோம். இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ. எல்லாவற்றையும் நல அலுவலகம் வழியாக வெலிங்டனில் இருக்கிற ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, அனுப்பிய தேதியைப் பென்சிலில் எழுதி வைத்தேன். முதல் தடவை திரும்பி வந்தது, ஒரு கையெழுத்து குறைகிறது என்று. இரண்டாம் தடவை பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டது. ஒரு தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது அடுத்த ஆடி நோம்பி கழிந்துதான் முடிந்தது. நிலுவைத் தொகை மொத்தமாக வந்தது. எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கும் ஒரே சர்வீஸ் காலத்துக்கும் ஒரே பென்ஷன் என்கிற 'ஒரே பதவி ஒரே பென்ஷன்' வந்தபோது, 2014 ஜூலை முதல் கணக்கிட்டு, அவருக்கும் உயர்ந்திருக்க வேண்டியது, அதுவும் சேர்ந்து.

அந்த அம்மா பாஸ்புக்கை இரண்டு தடவை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலீங்களே தம்பி" என்றார். அடுத்த மாதம் மறுபடி வந்தார். மச்சினர் மகன் ஆட்டோ வாங்கப் பணம் கேட்கிறானாம். "டெல்லியில இருந்து இன்னும் வரலீன்னு சொல்லுங்க" என்றேன்.

வருஷம் ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்பதையும் இந்த வயதானவர்கள் மறந்துவிடுவார்கள், பென்ஷன் நின்ற பிறகுதான் தேடி வருவார்கள். அந்த அம்மாவுக்குக் கைரேகை விழவே இல்லை. கொப்பரை உடைத்துத் தேய்ந்த விரல். கருவிழி வைத்துப் பதிந்தோம். இப்போது போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், தபால்காரரும் வீட்டுக்கே கருவி கொண்டு வருகிறார். இதற்காக ஒரு முதியவரை டவுன் பஸ்ஸில் ஏற்றி அலைய வைக்க வேண்டியதில்லை.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண நோய்க்குப் பொதுவாக அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கித்தான் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி, விபத்து என்றால் பக்கத்தில் இருக்கிற எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அந்தப் போன் நம்பர் உங்கள் போனில் இருந்தால் போதாது. விழப்போவது நீங்கள். மகன், மருமகள் போனில் இருக்க வேண்டும்.

ராணுவக் கேன்டீன் சரக்கு பற்றி எழுதாவிட்டால் நம்ம ஊர்க்காரர்கள் என்னை நம்ப மாட்டார்கள். பட்டாளத்துக்காரர் என்றால் பாதிப் பேருக்கு ரம் கோட்டாதான். கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு எதுவானாலும் "மாமா, ரெண்டு பாட்டில்" என்று ஒரு போன் வரும். கொடுத்தால் வழக்கமாகிவிடும், விற்றால் குற்றம், கார்டு போகும். நான் குடிப்பதில்லை, கார்டை மளிகைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சில மாப்பிள்ளைகள் அதிலிருந்து என் வீட்டுக்கு வருவதே குறைந்துபோனது. நஷ்டம் என்று சொல்ல முடியாது.

இப்போது காலையில் பள்ளி மைதானத்தில் நாலைந்து பையன்கள் ஓடுகிறார்கள். அக்னிவீர் தேர்வுக்கு. போகலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். இது நான் போன பட்டாளம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவேன். நாலு வருஷம், அதில் நூற்றுக்கு 25 பேரைத்தான் தொடர வைப்பார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. 2022-இல் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன கணக்குப்படி வெளியே வரும்போது கையில் சுமார் 11.71 லட்சம். எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை, ஆனால் போகாதே என்றும் சொல்வதில்லை. ஓடிப் பழகியவனை ஓடாதே என்றால் கேட்பானா? நான் சொல்வதெல்லாம் இதுதான்: சேரும்போதே பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்டும் ஆதாரும் ஒரே மாதிரி இருக்கட்டும். உள்ளே போனதும் ஏதாவது ஒரு டிரேடு சான்று வாங்கு, டிரைவிங் ஆனாலும் சரி, எலக்ட்ரீசியன் ஆனாலும் சரி. வெளியே வரும்போது உனக்கு 23, 24 வயசு. திண்ணையில் அட்டையோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அது ஈமுவாக இருக்காது, ஆன்லைனில் வேறு எதுவோவாக இருக்கும். அந்தப் பணத்தை எந்தக் கோழி தின்னும் என்று கேள்.

என் விஷயத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து வைத்திருக்கிறேன். பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறது. நான் போய்விட்டால் அவளுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான் வரும், முதல் ஏழு வருஷம் அல்லது எனக்கு 67 வயது முடிந்திருக்கக்கூடிய நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை, கூடுதல் விகிதம் என்பதை எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அவள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன, போன மாசம் கூடத் திறந்து பார்த்தோம். லாகின் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருக்கிறது. மாசா மாசம் பென்ஷன் சிலிப்பை அவள்தான் இறக்கிப் பார்க்கிறாள். அகவிலைப்படி ஏறியிருந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஓ.டி.பி. மட்டும் என் போனுக்கு வரும். தோட்டத்தில் இருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.